வெள்ளத்தில் நிற்காத வண்டி

வெள்ளம் புகுந்து மீண்ட முடிச்சூரில் ஒரு வண்டியைக் கழித்துக்கட்ட அதிகம் பேச வேண்டியதில்லை. வெள்ளத்தில் நின்றது என்று சொன்னால் போதும். எவ்வளவு ஓடியிருக்கிறது, டயர் எப்படி, விலை குறைப்பார்களா என்று அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

உஸ்மான் அதைத்தான் சொன்னான். காலைச் சாப்பாட்டின்போது, இட்லித் தட்டைப் பார்த்தபடி, மாமனாரிடம் சொன்னான்.

"மாமா, நீங்க பார்த்துட்டு வந்த அந்த ஏழு சீட்டு இன்னோவா வெள்ளத்துல நின்ன வண்டி. கம்ப்யூட்டர்ல பார்த்துட்டேன்."

அத்தாவுல்லா வாய்க்குக் கொண்டுபோன இட்லியைத் தட்டிலேயே வைத்தார். "அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார். பிறகு, "அந்தப் பழைய கார் யார்டுக்காரப் பையன் நல்ல பையனாத் தெரிஞ்சானே" என்றார்.

"அவருக்கே தெரியாது மாமா. ஏலத்துல எடுத்திருப்பாரு. நாம எதுவும் சொல்ல வேண்டாம்."

கம்ப்யூட்டரில் பார்த்தது உண்மை. முந்தின நாள் ஆபீசில் வண்டியின் நம்பரைப் போட்டுப் பார்த்தான். கோயம்புத்தூரில் பதிவானது. ஒரே கைதான் மாறியிருந்தது. விபத்து இல்லை, பாக்கி இல்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லாத வண்டி. அதுதான் அவனுக்குச் சங்கடமாகப் போயிற்று.

அத்தாவுல்லாவின் குடும்பம் கடலோர ஊரிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. அவர்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனதும் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் பைப் கடை வைத்துச் சம்பாதித்த அத்தாவுல்லா, முடிச்சூரில் மனை வாங்கி மகள் மெஹ்ரீன் பேரில் வீடு கட்டினார். உஸ்மான் இரண்டு பெட்டிகளோடு அங்கே வந்து சேர்ந்தான். அத்தாவுல்லாவின் மகன் அய்மானுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் பெண் பேசி முடித்திருந்தது. நிக்காஹ் முடிந்ததும் அவன் அந்த வீட்டுக்குப் போய்விடுவான். ஆக, அத்தாவுல்லாவும் அவர் மனைவி மெஹர் பானுவும் வயதான காலத்தை மகளோடும் மருமகனோடும் கழிப்பது என்று என்றைக்கோ முடிவான விஷயம்.

மெஹ்ரீன் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. வருடம் ஒன்றாகப் போகிறது.

அதற்குப் பிறகும் உஸ்மானை யாரும் எதுவும் சொல்லவில்லை. மீன் வாங்கினால் நடுத்துண்டு அவன் தட்டுக்குத்தான் வந்தது. அவன் கூடத்துக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். போனில் சிரித்துக்கொண்டிருக்கும் அய்மான் இவனைக் கண்டதும், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவான். எல்லோரும் அவனுக்காக மெதுவாக நடந்தார்கள், மெதுவாகப் பேசினார்கள். அவனுக்கோ உள்ளே ஒன்றுமே இல்லை. அடக்கம் செய்த அன்றும் கண்ணில் தண்ணீர் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அத்தனை பேருடைய அக்கறைக்கு நடுவில் இப்படி மரத்துப்போய் உட்கார்ந்திருப்பது, பசியில்லாதவன் விருந்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

நாவலூரில் ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு அபார்ட்மெண்ட் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மகள் கைனாத்தை அழைத்துக்கொண்டு போய்விடுவது என்று முடிவு. பெண்ணைப் பறிகொடுத்தவர்களிடம் பேத்தியையும் கொண்டுபோகிறேன் என்று எப்படிச் சொல்வது? அதற்கு மட்டும் நாக்கு வரவில்லை. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

அந்தச் சமயத்தில்தான் அத்தாவுல்லா வண்டிப் பேச்சை எடுத்தார். வீட்டில் இருந்த பழைய மாருதி ஆம்னி வேனுக்கு வயதாகிவிட்டது. முடிச்சூரைப் புரட்டிப்போட்ட முதல் வெள்ளத்தில் சீட் முங்கத் தண்ணீரில் கிடந்து, பிழைத்து எழுந்த வண்டி அது. இன்றைக்கும் மழை பெய்தால் உள்ளே சேற்று வாடை வரும். பக்கக் கதவு வெளியிலிருந்து திறக்காது. உள்ளே இருப்பவர்தான் இழுக்க வேண்டும்.

"ஏழு சீட்டாப் பார்த்துடலாம்" என்றார் அத்தாவுல்லா. விரலை மடக்கி எண்ணினார். "நான், உங்க மாமி, நீங்க, கைனாத். அய்மானும் அவன் பொண்டாட்டியும் வந்துபோனா ஆறு. அதுங்களுக்கு ஒரு புள்ள பொறந்தா ஏழு."

எண்ணி முடித்தவரின் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு சந்தோஷம் தெரிந்தது. உஸ்மானுக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று தோன்றியது. ஐந்து சீட் வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றுவிட்டால், தான் சொல்ல வேண்டியதில் பாதியை அந்த வண்டியே சொல்லிவிடும். மீதிப் பாதியைச் சொல்வது சுலபம்.

அப்படித்தான் கோயம்புத்தூர் வண்டி முடிச்சூர் வெள்ளத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதிய லுஹர் தொழுதுவிட்டு எல்லோரும் ஆம்னியில் கிளம்பினார்கள். அத்தாவுல்லா ஓட்டினார். கேம்ப் ரோடு தாண்டி, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்கு முன்னால் இருந்தது அந்த யார்டு. காலி மனை ஒன்றில் தகரக் கூரை போட்டு, வரிசையாகப் பழைய கார்களைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். உரிமையாளன் வெற்றிவேல் நிழலிலிருந்து எழுந்து வந்தான்.

"வாங்க பாய். சார் போன்ல சொன்ன அஞ்சு சீட்டு ரெடியா கீது. காத்தாலேர்ந்து தொடச்சி வச்சிக்கினு உக்காந்துகினு இருக்கேன்."

சிவப்பு நிறத்தில் சின்ன வண்டி. மெஹர் பானுவுக்கு முழங்கால் வலி; அவளை முன்னால் உட்கார வைத்தார்கள். பின்னால் அத்தாவுல்லா, அய்மான், உஸ்மான். கைனாத் உஸ்மான் மடியில்.

"வாப்பா, கொஞ்சம் மூச்ச உள்ள இழுங்க. கதவு சாத்தணும்" என்றான் அய்மான்.

"உன் கல்யாண பிரியாணி சாப்பிட்டுட்டு வர்றப்ப எவனும் மூச்ச இழுக்க முடியாதுடா" என்றார் அத்தாவுல்லா.

"அன்னைக்கு உங்கள டிக்கில போட்டு எடுத்துட்டு வந்துடறோம்."

அய்மான் சிரித்தான். பக்கத்தில் உஸ்மான் இருப்பது நினைவு வந்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டான்.

உஸ்மான் தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னான். மைலேஜ் நன்றாக வரும். நம் தெருவில் திருப்புவது சுலபம். மூன்றாவது வரிசை என்பது பெயருக்குத்தான், பெரியவர்கள் அதில் ஏறி இறங்க முடியாது. சொல்லச் சொல்லத் தன் குரல் ஏதோ ஆபீஸ் மீட்டிங்கில் கேட்பது போல அவனுக்கே கேட்டது.

மெஹர் பானு முன்சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டாள். "அய்மான் பொண்டாட்டி எங்க உக்காருவா?"

"அவங்க வீட்ல வண்டி இருக்கும்ல மாமி."

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். அத்தாவுல்லாதான் பேசினார். "அட, எல்லாரும் சேர்ந்து போறது வருஷத்துல நாலு தடவை. அன்னைக்கு நான் ஸ்கூட்டர்ல பின்னாலயே வந்துடறேன். மாப்பிள்ளை யோசிக்காமச் சொல்ல மாட்டாரு."

உஸ்மான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அறுபது வயது மனிதர் ஸ்கூட்டரில் தலைக்கவசத்தோடு சொந்தக் குடும்பத்தின் பின்னால் வருவது கண்ணில் தெரிந்தது. சொல்லிவிடலாமா என்று நினைத்தான். இங்கே வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று அதையும் தள்ளினான்.

இதற்குள் கைனாத் மடியிலிருந்து நழுவி இறங்கி ஓடிவிட்டாள். அவளைத் தேடிப் போன அத்தாவுல்லா, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அங்கே அந்த இன்னோவா நின்றது. அதன் கடைசி சீட்டில் கைனாத் கால்களை நீட்டிப் படுத்திருந்தாள். வண்டியைச் சுற்றி வேறொரு குடும்பம். செல்லியம்மாள் என்ற நடுத்தர வயதுப் பெண்மணி சீட்டைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் சிவகுமார், அட்வான்ஸ் அனுப்புவதற்காக வெற்றிவேலின் போன் நம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்க பேத்தியா பாய்? நல்லா எடம் புடிச்சு படுத்துக்கிச்சு பாருங்க" என்று செல்லியம்மாள் சிரித்தாள்.

அத்தாவுல்லாவும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கை தாடியைத் தடவ ஆரம்பித்தது.

தூரத்திலிருந்து உஸ்மான் அதைப் பார்த்தான். அந்தக் கையை அவனுக்குத் தெரியும். கடையில் பைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் அத்தாவுல்லா தானே சாக்பீஸால் அந்த இடத்தில் கோடு போட்டு, வாங்க வந்தவரிடம் காட்டுவார். குறையை மறைத்து விற்பது மார்க்கம் தடுத்த ஹராம். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்பது அதில் பாதி என்பார். அந்த வண்டியை வேறொருவர் வாங்க நிற்கிற இடத்துக்கே அவரைக் கூட்டி வந்திருக்கிறோம் என்பது உஸ்மானுக்கு இப்போதுதான் உறைத்தது. சிவப்பு வண்டியிலிருந்து இறங்கி நடந்தான். ஓடியிருக்க வேண்டும்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்று அத்தாவுல்லா சொல்லிக்கொண்டிருந்தார். "பணம் அனுப்பறதுக்கு முன்னால ஒரு வார்த்தை. இது வெள்ளத்துல நின்ன வண்டி."

செல்லியம்மாள் சீட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

வெற்றிவேலின் முகம் மாறியது. "இன்னா பாய் சொல்ற? யார் சொன்னது?"

"கோவப்படாத தம்பி. உன்னைக் குத்தம் சொல்லல. உனக்குத் தெரியாம நடந்திருக்கு. எங்க மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல பார்த்தாரு. பெரிய ஆபீஸ்ல இருக்காரு. இதோ, அவரே வர்றாரு." அத்தாவுல்லா திரும்பினார். குரலில் பெருமை இருந்தது. "சொல்லுங்க மாப்பிள்ளை."

எல்லோரும் உஸ்மானைப் பார்த்தார்கள். அவன் கைனாத்தைப் பார்த்தான்.

"சார், நம்பர் பிளேட்டப் பாருங்க சார்" என்றான் வெற்றிவேல். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினான். "கோயம்புத்தூர் வண்டி. ஒரு டாக்டர் வச்சிருந்தாரு. போன மாசம் நானே போயி ஓட்டிக்கினு வந்தேன். இந்த வண்டி மெட்ராஸ் மழையே பாத்ததில்ல சார். இன்னா வெள்ளம்? எந்த வெள்ளம்? நீங்களே சொல்லுங்க."

அய்மான் மச்சானைப் பார்த்தான். "கம்ப்யூட்டர்ல வேற நம்பர் அடிச்சிட்டீங்களா மச்சான்?"

தப்பிக்க ஒரு வழியை அவனே திறந்துவிட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உஸ்மானால் அதையும் சொல்ல முடியவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அத்தாவுல்லா அவன் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தது போல இருந்தது. பிறகு வெற்றிவேல் பக்கம் திரும்பிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, தப்பு என்னோடது. மாப்பிள்ளை சொன்னது வேற ஏதோ வண்டி. வயசாயிடுச்சு, நான்தான் போட்டுக் கொழப்பிக்கிட்டேன். மன்னிச்சுக்க." செல்லியம்மாளிடமும் சொன்னார். "அம்மா, நான் சொன்னதை விட்டுடுங்க. நல்ல வண்டி இது. தைரியமா வாங்கலாம்."

மாப்பிள்ளையை வெளியாள் முன்னால் தலைகுனிய விடுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அதற்காக அவர் தலைகுனிந்து நின்றார்.

செல்லியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க பாய். ஆனா காதுல விழுந்துடுச்சே. நாங்களும் தண்ணியில கெடந்து எழுந்தவங்கதான். இனிமே இதுல ஏறுனா எனக்கு அந்த நெனப்புதான் வரும். வா சிவா."

"எம்மா, கொஞ்சம் நில்லும்மா. மெக்கானிக்க இட்டுக்கினு வந்து காட்டறேன்" என்று வெற்றிவேல் பின்னாலேயே போனான். அவர்கள் நிற்கவில்லை. பைக் கிளம்பிப் போனது.

திரும்பி வந்தவன் கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழமையும் அதுவுமா பேஜார் பண்ணிட்டியே பாய். நாளைக்கு மார்க்கெட் பூரா தெரிஞ்சிடும். இனிமே அத எவன் தொடுவான்?"

அத்தாவுல்லா யோசிக்கவே இல்லை. "நாங்க எடுத்துக்கறோம்."

"வாப்பா" என்றான் அய்மான்.

"பழி போட்டது நாம. நாமதான் எடுக்கணும். அந்தச் செவப்பு வேணாம். இதுக்குக் கணக்கு சொல்லு தம்பி."

உஸ்மானுக்கு இனி தள்ளிப்போட இடமில்லை. "மாமா, ஒரு நிமிஷம்" என்றான். இருவரும் ஆம்னி நின்ற பக்கமாக நடந்தார்கள். வெயிலில் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏழு சீட்டு வேணாம் மாமா."

"ஏன்?"

"நானும் கைனாத்தும் இருக்க மாட்டோம். நாவலூர்ல வீடு பார்த்துட்டேன். லீவு விட்டதும் போறோம்."

அத்தாவுல்லா ஆம்னியின் மேல் கை வைத்தார். சுட்டிருக்க வேண்டும். எடுக்கவில்லை.

"வீட்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல மாமா."

"உங்க மாமி?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க."

"அப்புறம் ஏன்?"

உஸ்மான் யோசித்துப் பார்த்தான். நல்லாப் பார்த்துக்கொண்டதுதான் காரணம் என்று எந்த வாயால் சொல்வது?

"தெரியல மாமா" என்றான்.

சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி போனது. அத்தாவுல்லா சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை.

"இத என்கிட்ட சொல்றதுக்கு ஒரு வண்டியத் தண்ணியில முக்கணுமா மாப்பிள்ளை?"

தாடியைத் தடவிக்கொண்டு யார்டுக்குள் திரும்பி நடந்தார். உஸ்மான் பின்னால் போனான். முன்னால் போகும் அந்த முதுகு அன்றைக்குச் சின்னதாகத் தெரிந்தது.

வெற்றிவேல் வண்டியின் காகிதங்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தான். அத்தாவுல்லா அவற்றை எடுத்து, உஸ்மானிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க."

"மாமா, அதான் சொன்னேனே. உங்களுக்கு இவ்வளவு பெரிய வண்டி எதுக்கு?"

"வண்டி வாங்கறது முடிஞ்ச பேச்சு. பேப்பர் சரியா இருக்கான்னு பாருங்க. எனக்கு இதெல்லாம் புரியாது."

அவனிடமே கொடுத்தார். அவர் குத்திக்காட்டவில்லை என்பதுதான் அவனைக் கொன்றது. வேறு யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை. உஸ்மான் காகிதங்களை வாங்கிக்கொண்டான். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லலாம். அப்படிச் செய்யவில்லை. முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாக, விரலை வைத்துப் படித்தான். எஞ்சின் நம்பரை வண்டியில் இருந்த நம்பரோடு குனிந்து ஒத்துப்பார்த்தான். அய்மான் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். இந்த முறை மச்சானிடம் அவன் எதுவும் கேட்கவில்லை.

"சரியா இருக்கு மாமா."

அத்தாவுல்லா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மெஹர் பானு அந்தச் சிவப்பு வண்டியிலிருந்து எப்போது இறங்கினாள் என்று உஸ்மான் கவனிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, இன்னோவாவின் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே கைனாத் தூங்கிப்போயிருந்தாள். அத்தாவுல்லா மனைவியிடம் நான்கு வார்த்தை பேசிவிட்டு வெற்றிவேலோடு கணக்கு முடிக்கப் போனதை மட்டும் உஸ்மான் பார்த்தான்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். அழுவாள் என்றும் நினைத்தான். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான்.

"எத்தனாவது மாடி?" என்று கேட்டாள்.

"ஏழாவது மாமி."

"அப்ப தண்ணி ஏறாது."

"ஏறாது."

பேத்தியின் காலில் கழன்று தொங்கிய செருப்பை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அந்த மாதிரி எடத்துல கேட்ல நிறுத்தி வச்சி, யாரு, யார் வீட்டுக்குன்னு கேப்பாங்களாமே. எங்க ரெண்டு பேர் பேரையும் செக்யூரிட்டிகிட்ட சொல்லி வச்சிடுங்க. புள்ளயப் பாக்க வந்துட்டு வாசல்ல நின்னு பதில் சொல்லிக்கிட்டிருந்தா உங்க மாமாவுக்குத் தாங்காது."

"சொல்லி வக்கிறேன் மாமி" என்றான் உஸ்மான்.

"மறந்துடாதீங்க" என்றாள் அவள். வண்டிக்குள் ஏறுவதற்காக, பிடித்துக்கொள்ளக் கையை அவனிடம் நீட்டினாள்.